சம ஊதியம் என்றால் என்ன? இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் சம்பளக் கணக்கு

2025 நவம்பர் 2. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. தீப்தி சர்மா வீசிய பந்தைத் தென்னாப்பிரிக்காவின் நடீன் டி கிளர்க் தூக்கி அடித்தார். கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் பின்னோக்கி ஓடி, அந்தரத்தில் எம்பி அதைப் பிடித்தார். 52 ரன் வித்தியாசத்தில் இந்திய மகளிர் அணி முதல் முறையாக உலகக் கோப்பையை வென்றது. அதன்பின் கொஞ்ச நாளைக்கு எங்கே போனாலும் இந்தப் பேச்சுதான். அந்தப் பேச்சு எப்படியோ ஒரு இடத்தில் வந்து நிற்கும்: “இப்பதான் அவங்களுக்கும் ஆம்பிளைங்களுக்குச் சமமா சம்பளம் குடுக்குறாங்களே!”

சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ‘பெண்களுக்கும் சம ஊதியம்’ என்று 2022இல் தலைப்புச் செய்தி வந்தது உண்மை. ஆனால் அந்தத் தலைப்பு சொன்னதற்கும் நாம் புரிந்துகொண்டதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஒரு கிரிக்கெட் வீராங்கனையின் வருமானம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எதில் சமம் வந்தது, எதில் வரவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரிந்துவிடும்.

முதலில் ஒரு கூலிக் கணக்கு

கட்டட வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது நமக்குப் பழகிப்போன அநியாயம். ஒரு மேஸ்திரி அதை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “இனிமேல் என்னிடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாள்கூலி 1,000 ரூபாய்தான்” என்கிறார். நல்ல விஷயம், பாராட்ட வேண்டியதுதான்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், அந்த ஆண் 20 நாள் வேலைக்குப் போயிருக்கிறார். பெண்ணை 6 நாள்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல், ‘என்னை விட்டு வேறு மேஸ்திரியிடம் போகாதே’ என்று வருடத்துக்கு ஒரு பெரிய தொகையும் அந்த ஆணுக்குத் தனியாகக் கிடைக்கிறது. பெண்ணுக்கும் அப்படி ஒரு தொகை உண்டு, ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு.

கூலி சமமா? சமம். சம்பாத்தியம் சமமா? இல்லை. இந்திய மகளிர் அணியின் கதை ஏறக்குறைய இதுதான்.

நாள்கூலி: போட்டிக் கட்டணம்

ஒரு சர்வதேச ஆட்டத்தில் களமிறங்கியதற்காக வாரியம் தரும் தொகைக்குப் போட்டிக் கட்டணம் என்று பெயர். நம் கதையில் வந்த நாள்கூலி இது. 2022 அக்டோபர் 27 அன்று இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ, இதை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாக்குவதாக அறிவித்தது. டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம் ரூபாய், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். அதற்கு முன் ஒருநாள் ஆட்டமோ டி20யோ, ஒரு வீராங்கனைக்கு 1 லட்சம்தான். ஒருநாள் ஆட்டத்தில் ஒரே அறிவிப்பில் ஆறு மடங்கு உயர்வு! அதே 2022 ஜூலையில் நியூசிலாந்து வாரியம் இதைச் செய்திருந்தது. அடுத்து செய்தது இந்தியா.

இந்த அறிவிப்பின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2005 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டி வரை போன இந்திய அணிக்கு ஆட்டத்துக்கு 1,000 ரூபாய் கிடைத்தது என்று அப்போதைய கேப்டன் மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். எட்டு ஆட்டத்துக்குச் சேர்த்து 8,000 ரூபாய். அதுவும் அந்தத் தொடருக்கு மட்டும். மற்றபடி போட்டிக் கட்டணம் என்ற ஒன்றே அவர்களுக்கு இல்லை. அங்கிருந்து 6 லட்சத்துக்கு வந்திருப்பது சின்னத் தூரம் இல்லை.

2022இல் சமமானது இந்தப் போட்டிக் கட்டணம் மட்டும்தான். தலைப்புச் செய்தியில் ‘ஊதியம்’ என்று வந்தது இதைத்தான்.

எத்தனை நாள் வேலை?

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதைப் பற்றித்தான் ஆட்கள் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம். சரி, டெஸ்ட் ஆட்டம் எங்கே? 2014 நவம்பரில் மைசூருவில் தென்னாப்பிரிக்காவோடு ஆடிய பிறகு, இந்திய மகளிர் அணி அடுத்த டெஸ்ட்டை ஆடியது 2021 ஜூனில், இங்கிலாந்தின் பிரிஸ்டலில். நடுவில் ஆறரை வருடம் ஒரு டெஸ்ட் கூட இல்லை. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் நல்ல வருடங்கள் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய மிதாலி ராஜின் டெஸ்ட் ஆட்டங்கள் மொத்தம் 12. வேகப்பந்து வீச்சாளர் ஜுலன் கோஸ்வாமிக்கும் அதே 12தான்.

2024ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய ஆண்கள் அணி அந்த வருடம் 15 டெஸ்ட் ஆடியது. மகளிர் அணி ஆடியது ஒன்று. எல்லா ஆட்டத்திலும் களமிறங்கிய ஓர் ஆணுக்கு டெஸ்ட் கட்டணம் மட்டும் 2 கோடியே 25 லட்சம். பெண்ணுக்கு 15 லட்சம். கட்டணம் துளியும் வேறுபடவில்லை. வேறுபட்டது வேலை நாள்.

அந்த ஒரு டெஸ்ட் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 28, சென்னை சேப்பாக்கம், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292 ரன் சேர்த்தார்கள். ஸ்மிருதி 149. ஷஃபாலி 205, அதுவும் 197 பந்தில். முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 4 விக்கெட்டுக்கு 525! மறுநாள் 603இல் தங்கள் பேட்டிங்கை முடித்துக்கொண்டார்கள். மகளிர் டெஸ்ட் வரலாற்றில் ஓர் அணி எடுத்த அதிகபட்ச ரன் அது. பிறகு ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்தார். இவர்களுக்கு டெஸ்ட் ஆட வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடம் இன்னொரு டெஸ்ட் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஆட்டங்களின் எண்ணிக்கையை யார் முடிவு செய்கிறார்கள்? வாரியங்கள்தான். எந்த நாட்டு அணி எப்போது எங்கே போய் எத்தனை ஆட்டம் ஆடும் என்று வாரியங்கள் பேசி வைத்துக்கொள்ளும் அட்டவணைக்கு எதிர்காலச் சுற்றுப்பயணத் திட்டம் என்று பெயர். மகளிர் கிரிக்கெட்டுக்கு அப்படி ஒரு அட்டவணையை சர்வதேச வாரியமான ஐசிசி முதன்முதலாக வெளியிட்டதே 2022 ஆகஸ்டில்தான். 2025 வரைக்குமான அந்தத் திட்டத்தில் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து 301 ஆட்டங்கள் இருந்தன. அவற்றில் டெஸ்ட் ஏழே ஏழு. ஆக, பட்டியலிலேயே பெரிய கட்டணமான 15 லட்சம், வீராங்கனைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும் எண்ணாகவே இருந்து வருகிறது.

வருடத் தொகை: மத்திய ஒப்பந்தம்

மேஸ்திரி கதையில் ‘வேறிடம் போகாதே’ என்று தரும் தொகை ஒன்று வந்தது இல்லையா? கிரிக்கெட்டில் அதன் பெயர் மத்திய ஒப்பந்தம். நாட்டின் முக்கியமான ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, தரம் பிரித்து, வருடத்துக்கு இவ்வளவு என்று வாரியம் உறுதியாகத் தரும் தொகை. ஒரு ஆட்டம் கூட ஆடாமல் காயத்தோடு வீட்டில் இருந்தாலும் இது வரும். மாதச் சம்பளம் என்று நாம் சொல்வதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான்.

2024-25ஆம் ஆண்டுக்கு ஆண்களின் பட்டியலில் 34 பேர். ஏ பிளஸ் தரத்துக்கு 7 கோடி, ஏ தரத்துக்கு 5 கோடி, பி தரத்துக்கு 3 கோடி, சி தரத்துக்கு 1 கோடி. பெண்களின் பட்டியலில் 16 பேர். ஏ தரத்துக்கு 50 லட்சம், பி தரத்துக்கு 30 லட்சம், சி தரத்துக்கு 10 லட்சம். ஏ தரத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: ஹர்மன்பிரீத், ஸ்மிருதி, தீப்தி.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்களில் மிக மேலே இருப்பவருக்கு, ஆண்களில் கடைசித் தரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதில் பாதி. 2022 அறிவிப்பு இதைத் தொடவே இல்லை.

இந்த ஒப்பந்தமும் சும்மா வந்துவிடவில்லை. மகளிர் கிரிக்கெட்டுக்கென்று 1973இல் இந்தியாவில் தனிச் சங்கம் தொடங்கியது. சாந்தா ரங்கசாமி தலைமையில் 1976இல் முதல் டெஸ்ட் தொடரை ஆடினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சங்கம் பணமில்லாமலே ஓடியது. பொதுப் பெட்டியில் ரயில் பயணம், தரையில் படுக்கை என்று அந்தத் தலைமுறை சொல்லும் கதைகள் ஏராளம். 2006இல்தான் பிசிசிஐயின் கீழ் வந்தார்கள். வந்தும் ஒன்பது வருடம் கழித்து, 2015இல்தான் முதல் ஒப்பந்தம் வந்தது. அப்போது உயர்ந்த தரத்துக்கு 15 லட்சம். 2017இல் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை 9 ரன்னில் தோற்று, நாடே அவர்களைத் திரும்பிப் பார்த்த பிறகு, 2018இல் அது 50 லட்சமாயிற்று.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்து ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஏ தரத்தில் ஓர் ஆண், ஏ தரத்தில் ஒரு பெண். இருவரும் ஒரே வருடத்தில் ஒரு டெஸ்ட், 12 ஒருநாள் ஆட்டம், 12 டி20 ஆடுகிறார்கள். போட்டிக் கட்டணம் இருவருக்கும் 15 + 72 + 36, ஆகமொத்தம் 1 கோடியே 23 லட்சம். இதில் ஒரு ரூபாய் கூட வித்தியாசம் இல்லை. ஒப்பந்தத் தொகையைச் சேர்த்தால் ஆணுக்கு 6 கோடியே 23 லட்சம், பெண்ணுக்கு 1 கோடியே 73 லட்சம். ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சமமாக வைத்தே இந்த நிலை. நிஜத்தில் அதுவும் சமம் இல்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

பரிசுத் தொகை: இன்னொரு சமம்

உலகக் கோப்பை போன்ற தொடர்களில் அணிகள் பிடிக்கும் இடத்தைப் பொறுத்து ஐசிசி தருவது பரிசுத் தொகை. ஆண்கள் தொடரிலும் மகளிர் தொடரிலும் ஒரே இடத்துக்கு ஒரே தொகை என்று 2023 ஜூலையில் ஐசிசி அறிவித்தது. 2022 மகளிர் உலகக் கோப்பையில் மொத்தப் பரிசு 35 லட்சம் டாலர். 2025இல் அது 1 கோடியே 38 லட்சத்து 80 ஆயிரம் டாலர். 2023 ஆண்கள் உலகக் கோப்பையின் 1 கோடி டாலரைவிட இது அதிகம். சாம்பியனான இந்தியாவுக்கு 44 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அதற்கு மேல் பிசிசிஐ தன் பங்குக்கு 51 கோடி ரூபாய் அறிவித்தது.

‘பெண்கள் இப்போது ஆண்களைவிட அதிகம் வாங்குகிறார்கள்’ என்று சிலர் சொல்வது இந்த எண்களை வைத்துத்தான். பரிசு என்பது ஜெயித்தால் வருவது, எப்போதாவது வருவது. அதை வைத்து வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாது. அது வாரியத்தின் வழியாகத்தான் ஆட்டக்காரர் கைக்கு வர வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2020 மார்ச்சில் மெல்போர்னில் 86,174 பேர் பார்க்க டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஆடி இரண்டாம் இடம் பிடித்த நம் வீராங்கனைகளுக்கு, அந்தப் பரிசுப் பணம் 2021 மே மாதம் வரை வந்து சேரவில்லை என்று செய்தி வெளியானது.

சுருக்கமாக: போட்டிக் கட்டணம் சமம், உலகத் தொடர்களின் பரிசு சமம். ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஒப்பந்தத் தொகையும் சமம் இல்லை.

லீக் ஏலம்

2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக்கைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. இங்கே சம்பளத்தை வாரியம் நிர்ணயிப்பதில்லை, அணி உரிமையாளர்கள் ஏலத்தில் கேட்கிறார்கள். முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனாவை பெங்களூரு அணி 3 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது அவருடைய வருட ஒப்பந்தம் 50 லட்சம் என்பதோடு இதை ஒப்பிட்டால், ஒரு மாதத் தொடர் அவர் வாழ்க்கையில் என்ன செய்தது என்று புரியும். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் அந்த ஏலத்தில் செலவழிக்க அனுமதித்த மொத்தத் தொகை 12 கோடி. அதே ஆண்டு ஐபிஎல் அணிகளுக்கு 95 கோடி. இது சந்தை விலை, இதை யாரும் சம ஊதியம் என்று சொல்லவும் இல்லை.

“அவங்க ஆட்டத்துக்கு வருமானம் இல்லையே!”

இந்த வாதம் கட்டாயம் வரும். ஆண்கள் ஆட்டம்தான் பணம் கொண்டு வருகிறது, அதனால் அவர்களுக்கு அதிகம் என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. கிரிக்கெட்டின் பெரிய வருமானம் ஒளிபரப்பு உரிமை, அதாவது ஆட்டத்தைத் தொலைக்காட்சியிலும் செயலியிலும் காட்டுவதற்காக நிறுவனங்கள் வாரியத்துக்குக் கட்டும் தொகை. அதில் பெரும்பகுதி ஆண்கள் ஆட்டத்துக்காகவே வருகிறது.

ஆனால் மகளிர் ஆட்டத்தின் வருமானம் எவ்வளவு என்று நமக்கு எப்படித் தெரியும்? 2023 ஆகஸ்டில் இந்தியாவில் நடக்கும் சர்வதேச ஆட்டங்களின் உரிமையை ஐந்து வருடத்துக்கு வயாகாம்18 நிறுவனம் 5,963 கோடிக்கு வாங்கியது. ஆட்டத்துக்கு சுமார் 67 கோடியே 80 லட்சம் என்று செய்திகள் வந்தன. அந்தக் கணக்கில் வகுத்தது ஆண்களின் 88 ஆட்டங்களால் மட்டும். மகளிர் அணி உள்நாட்டில் ஆடுவதும் அதே நிறுவனத்தில்தான் ஒளிபரப்பானது. ஆனால் அதற்கென்று தனி விலை எதுவும் வெளியே தெரியவில்லை. மளிகைக் கடையில் பெரிய சாமானோடு இலவச இணைப்பாக ஒன்றைக் கட்டித் தந்துவிட்டு, ‘பார், அந்தச் சின்னதுக்கு விலையே இல்லை’ என்று சொல்வது போல இருக்கிறது.

தனியாக விற்றுப் பார்த்த ஓர் இடம் மகளிர் பிரீமியர் லீக். ஒரு பந்து கூட வீசப்படாத நிலையில், அதன் ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்குப் போனது. ஆட்டத்துக்கு 7 கோடியே 9 லட்சம். ஐந்து அணிகளை வாங்க நிறுவனங்கள் கொடுத்தது 4,669 கோடியே 99 லட்சம். ஐபிஎல்லுக்குப் பக்கத்தில் இது சிறியதுதான். ஆனால் வருமானமே இல்லை என்று சொல்லக்கூடிய தொகை இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆட்டம் நடந்தால்தான் பார்ப்பார்கள். பார்த்தால்தான் விலை வரும். ஆறரை வருடம் டெஸ்ட்டே நடத்தாமல், மகளிர் டெஸ்ட்டுக்குப் பார்வையாளர் இல்லை என்று முடிவுக்கு வருவது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

தேசிய அணிக்குக் கீழே

இவ்வளவு நேரம் பேசியது 2024-25 ஒப்பந்தப் பட்டியலில் இருந்த 16 பேரையும் அவர்களைச் சுற்றி இருக்கும் சிலரையும் பற்றித்தான். இவர்களுக்குக் கீழே மாநில அணிகளுக்கு ஆடும் நூற்றுக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மத்திய ஒப்பந்தம் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு லீக்கும் கிடையாது. உள்நாட்டு ஆட்டக் கட்டணம் மட்டும்தான்.

அது சீனியர் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 20,000 ரூபாயாக இருந்தது. அதே நிலையில் ஆண்களுக்கு அனுபவத்தைப் பொறுத்து 40,000 முதல் 60,000 வரை. உலகக் கோப்பை வெற்றிக்குப் பிறகு, 2025 டிசம்பரில், பெண்களின் ஒருநாள் ஆட்டத்துக்கான தொகையை 50,000 ஆக உயர்த்தினார்கள். என் கணிப்பில் 51 கோடி பரிசைவிடப் பெரிய செய்தி இதுதான், ஆனால் நாளிதழ்களில் இதற்குக் கிடைத்த இடம் கொஞ்சம்.

இத்தனை வருடமாக இந்தப் பெண்களைத் தாங்கிப் பிடித்தது வேறு ஒன்று: ரயில்வே. விளையாட்டு ஒதுக்கீட்டில் அங்கே வேலை, மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம். மிதாலியும் ரயில்வேக்காரர், ஹர்மன்பிரீத்தும் ஒரு காலத்தில் மேற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர். நல்ல ஆட்டக்காரர்களெல்லாம் அங்கே சேர்ந்ததால்தான் மகளிர் உள்நாட்டுக் கோப்பைகளை ரயில்வே அணியே திரும்பத் திரும்ப வென்றது.

ஒரு மாநில அணியில் இருக்கும் பெண், ஒரு பருவத்தில் ஏழு ஒருநாள் ஆட்டம் ஆடுகிறாள் என்று வையுங்கள். பழைய கட்டணத்தில் அவளுக்கு வருடத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். புதியதில் 3 லட்சத்து 50 ஆயிரம். அணி அடுத்த சுற்றுக்குப் போனால் இன்னும் ஒன்றிரண்டு ஆட்டம் கிடைக்கும். போகாவிட்டால் கிட்பேக்கைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்த ஆட்டம் எப்போது என்பது அவள் கையில் இல்லை, அட்டவணை போடுகிறவர்கள் கையில் இருக்கிறது.